முதல் முட்டை வீட்டுக்கு



எண்ணூர், காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், திருவொற்றியூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் என்று நம் பக்கத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் கோழி மேய்கிறது. புதிதாகக் கலியாணமான வீட்டில் இரண்டு விடைக்கோழி வாங்கி விடுவது நம் வழக்கம். ஆறு மாதம் தீனி போட்டு வளர்த்து, ஒருநாள் விடியற்காலையில் கூடையைத் தூக்கிப் பார்த்து, "ஏங்க, நம்ம கோழி முட்டை வெச்சிருச்சு!" என்று மனைவி கூப்பிடும்போது வீட்டில் உண்டாகும் சந்தோஷம் பெரியது. வெதுவெதுப்பாக இருக்கும் அந்த முட்டையைக் குழந்தை கையில் வைத்துப் பார்த்தால் அதன் முகமே மலர்ந்துவிடும்.

அந்த முட்டை யார் வயிற்றுக்குப் போக வேண்டும், அது சுத்தமான முட்டையாக வர என்ன செய்ய வேண்டும், கோழியால் குழந்தைக்கு நோய் வராமல் எப்படிக் காப்பது ஆகிய மூன்றையும் இந்தப் பாடம் சொல்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். படிக்கத் தெரிந்தவர் மற்றவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

எந்தக் குஞ்சு வாங்குவது?

சந்தையிலும் தெருமுனையிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் தோய்த்த கலர் குஞ்சு விற்பார்கள். பிள்ளைகள் அழுது வாங்கச் சொல்லும். வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகள் கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். முட்டை இடாது. பாதி நாலு நாளில் செத்துப்போகும்.

தெரிந்த வீட்டில் நன்றாக அடைகாக்கும் தாய்க்கோழியின் குஞ்சை வாங்குங்கள். அல்லது மாதவரத்தில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய நந்தனம் கோழி, சென்னை நந்தனத்தில் இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் வழங்குகிறது. நாட்டுக் கோழியைவிட அது முட்டை அதிகம் தரும். ஆனால் அடைகாக்கும் குணத்தில் நாட்டுக் கோழிதான் கெட்டி. ஆகவே இரண்டும் கலந்து வளர்ப்பவர்கள் உண்டு.

முட்டைக்கு வரும் அடையாளம்

நாட்டு விடைக்கோழி ஆறாவது மாதம் வாக்கில் முட்டைக்கு வரும். சில கோழி ஏழு மாதமும் ஆக்கும். அவசரப்பட வேண்டாம். வெளிறியிருந்த கொண்டை நன்றாகச் சிவக்கும். மூலை மூலையாகப் போய் இடம் பார்க்கும். கொக்... கொக்... என்று ஒரு மாதிரி இழுத்துக் கத்திக்கொண்டே சுற்றும். கையை முதுகில் வைத்தால் ஓடாமல் அப்படியே பதுங்கி உட்காரும். இதைப் பார்த்ததும் இருட்டான ஒரு மூலையில் கூடை வைத்து, அடியில் மணல், மேலே வைக்கோல் போட்டு வையுங்கள். முட்டை அளவு வெள்ளைக் கல் ஒன்றை அதில் போட்டு வைத்தால் கோழி அதைப் பார்த்து அங்கேயே வரும். இல்லாவிட்டால் விறகு அடுக்கிலும் பழைய வலை மூட்டையிலும் முட்டையிட்டு வைக்கும். பெருச்சாளிக்குத்தான் விருந்து.

முதல் முட்டைகள் சின்னதாக இருக்கும். சிலதில் ஓடு மெத்தென்று இருக்கும். சிலதில் ரத்தக்கோடு தெரியும். சிலதில் மஞ்சள் கருவே இருக்காது. "தோஷம்" என்று தூக்கி எறியாதீர்கள். கோழியின் உடம்பு பழகுகிறது, அவ்வளவுதான். மெத்தென்ற ஓடு வந்தால் மட்டும் அதை விட்டுவிடுங்கள். மற்றவற்றை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். இந்தச் சின்ன முட்டைகளை அடை வைக்காதீர்கள். குஞ்சு பொரிப்பது குறைவு, பொரித்தாலும் நோஞ்சானாக இருக்கும். ஆகையால்தான் சொல்கிறேன்: முதல் முட்டை வீட்டுக்கு.

முட்டை யாருக்கு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் ஐந்து பெட்டைக்கோழி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக் கோழி ஒன்று வருஷத்துக்குச் சுமார் 60 முட்டை இடும். ஐந்துக்கும் சேர்த்து 300. அதில் நாலு தடவை, தடவைக்கு 12 முட்டை வீதம் அடை வைத்தால் 48 போகும். மீதி 252. வாரத்துக்கு ஐந்து முட்டையைவிடக் கொஞ்சம் குறைவு.

இந்த ஐந்தும் இப்போது எங்கே போகிறது? பல வீடுகளில் நாட்டுக் கோழி முட்டைக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று விற்றுவிடுகிறார்கள். மிச்சம் இருந்தால் வேலைக்குப் போகிற ஆணுக்கு ஆம்லெட். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் கடைசி. இது சரியா? யோசித்துப் பாருங்கள்.

ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ, ரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய பி-12, வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலின் எல்லாம் அதற்குள்ளே இருக்கின்றன. வளர்கிற உடம்புக்குத்தான் இவை அதிகம் தேவை. வயிற்றில் பிள்ளை, கையில் பிள்ளை, பால் கொடுக்கும் தாய், இந்த மூன்று பேரே வீட்டில் முதல் வரிசை.

குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் முடிந்தபின் நன்றாக வெந்த முட்டையைக் கொஞ்சமாக மசித்து, தாய்ப்பாலோடோ சோறோடோ குழைத்துக் கொடுங்கள். முதல் நாள் ஒரு சிட்டிகை போதும். உடம்பில் தடிப்போ வாந்தியோ இல்லையென்றால் அளவைக் கூட்டலாம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை முட்டை, மீன், இறைச்சி போன்ற உணவு தினமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. வாரத்துக்கு ஐந்து முட்டை இருந்தால் கைக்குழந்தைக்கு மூன்று, தாய்க்கு இரண்டு என்று பிரிக்கலாம். முட்டை இல்லாத நாளில் நம் காசிமேட்டு மீன் இருக்கவே இருக்கிறது. முள் நீக்கிக் கொடுங்கள்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பற்றிக் கவலை வேண்டாம். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் அதில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. இன்று பள்ளி நாட்களில் வாரம் ஐந்து முட்டை கிடைக்கிறது. பிள்ளை அதைத் தட்டில் ஒதுக்காமல் சாப்பிடுகிறதா என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடியிலும் முட்டை உண்டு. அனுப்பத் தவறாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. முட்டை சாப்பிடுகிறோமே என்று கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. முட்டையில் இரும்புச்சத்து கொஞ்சம்தான். மாத்திரையின் வேலையை முட்டை செய்யாது.

இதற்கு மேல் முட்டை மிஞ்சினால், சேவல் வளர்ந்தால், தாராளமாக விற்கலாம். அந்தக் காசு மனைவி கையில் இருக்கட்டும். பருப்பு, கீரை, மருந்து என்று அது வீட்டுக்கே திரும்பி வரும்.

நம் பக்கத்து மண்

இனி சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். வேறு ஊர்ப் பாடத்தில் இது இருக்காது. நம் ஊருக்கு இது அவசியம்.

கோழி நாள் முழுக்க மண்ணைக் கிளறித் தின்னும் பிராணி. தீனி, புழு, பூச்சியோடு மண்ணும் அதன் வயிற்றுக்குள் போகிறது. மண்ணில் என்ன இருக்கிறதோ அதில் ஒரு பங்கு முட்டைக்கு வந்துவிடும். நம்முடையது துறைமுகமும் தொழிற்சாலையும் நிறைந்த பகுதி. 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் நின்றுவிட்டது. ஆனால் இந்தப் பக்கத்து மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றங்கரையில் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியதை நம் மீனவர்கள் கண்ணால் கண்டார்கள். காயலான் கடைகள், பழைய பேட்டரி உடைக்கும் இடங்கள், செம்புக்காக ஒயரை எரிக்கும் இடங்கள், படகுக்குப் பெயிண்ட் சுரண்டும் இடங்கள் எல்லாம் வீடுகளுக்கு நடுவிலேயே இருக்கின்றன.

இப்படிப்பட்ட மண்ணில் ஈயம் இருக்கலாம். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ரத்தத்தைக் குறைக்கும். கர்ப்பிணியின் உடம்பிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். இவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று ஈயத்துக்கு அளவே கிடையாது. ஒயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த இடத்தில் டயாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது முட்டையின் கொழுப்பில் தங்கும். முட்டையை எவ்வளவு வேகவைத்தாலும் ஈயமும் போகாது, டயாக்சினும் போகாது.

இது நமக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வீட்டுக் கோழி முட்டைகளைச் சோதித்து 2022-இல் வெளியிட்டார்கள். கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம் அவற்றில் இருந்தது. பழைய வீட்டுப் பெயிண்டும் பெட்ரோல் புகையும் மண்ணில் விட்டுப்போன ஈயம் அது. 2023-இல் பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த மக்களிடம், வீட்டுக் கோழி முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்று அங்குள்ள சுகாதாரத் துறையே கேட்டுக்கொண்டது. "நம்ம வீட்டு முட்டை, அதனால் சுத்தம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. கோழி மேயும் இடம் சுத்தமாக இருந்தால்தான் முட்டை சுத்தம்.

அப்படியானால் கோழியே வளர்க்கக் கூடாதா? வளர்க்கலாம். இப்படிச் செய்யுங்கள்:

1. கோழியைத் தெருவில் விடாமல் வேலிக்குள் வளருங்கள். பழைய மீன் வலையே நல்ல வேலி.

2. வேலிக்குள் பழைய மண் மீது உடைந்த ஓடு, செங்கல் பரப்பி, வெளியிலிருந்து கொண்டுவந்த சுத்தமான மண்ணை ஒரு சாண் உயரம் கொட்டுங்கள். சிமெண்ட் தரையில் உமி பரப்பினாலும் நல்லது.

3. தீனியைத் தரையில் இறைக்காதீர்கள். தட்டில் வையுங்கள்.

4. கோழி சாம்பலில் புரண்டு பேனைப் போக்கிக்கொள்ளும். அதற்கு விறகு அடுப்புச் சாம்பலும் மணலும் வையுங்கள். மின் நிலையச் சாம்பல் வேண்டவே வேண்டாம்.

5. வீட்டில் பழைய பெயிண்ட் உதிர்ந்தால் பெருக்கிக் கூட்டி அகற்றுங்கள். கோழி அதைக் கொத்தும்.

உங்கள் வீடு காயலான் கடைக்கோ, குப்பை எரியும் இடத்துக்கோ ஒட்டியே இருந்து, வேலி போடவும் வழியில்லை என்றால், அங்கே மேயும் கோழியின் முட்டையைக் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள். அவர்களுக்குக் கடை முட்டை வாங்கிக் கொடுங்கள். பண்ணைக் கோழி மண்ணையே மிதிப்பதில்லை. இந்த விஷயத்தில் அது நமக்கு நல்லதாகப் போயிற்று.

தீனியும் தண்ணீரும்

நொய், தவிடு, கம்பு, சோளம், முருங்கைக்கீரை, காய்கறிக் கழிவு இவை போதும். கடலைப் புண்ணாக்கு கொஞ்சம் சேர்க்கலாம். பூசணம் பிடித்த புண்ணாக்கையும் தானியத்தையும் மட்டும் போடாதீர்கள். அது கோழியின் ஈரலைக் கெடுக்கும்.

நம் பக்கத்தில் கருவாட்டுத் தூள் மலிவு. ஆனால் உப்புக் கருவாடு குஞ்சுக்கு ஆகாது. உப்பு கூடினால் குஞ்சு தண்ணீராகக் கழிந்து செத்துவிடும். உப்பில்லாமல் காயவைத்த பொடிமீனைக் கொஞ்சமாகப் போடுங்கள். அதிகம் போட்டால் முட்டையில் மீன்வாடை அடிக்கும்.

முட்டை ஓடு கெட்டியாக இருக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கிளிஞ்சலைக் கழுவிப் பொடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். கோழி வேண்டிய அளவு தானே கொத்திக்கொள்ளும். கழிமுகத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும் கிளிஞ்சலை எடுக்காதீர்கள். வேறு வழியில்லையென்றால் வீட்டு முட்டை ஓட்டை வறுத்துத் தூளாக்கிப் போடலாம். முழு ஓட்டைப் போட்டால் கோழி தன் முட்டையையே உடைத்துத் தின்னப் பழகிவிடும்.

கத்திரி வெயிலில் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். மண்சட்டியில் தண்ணீர் வைத்து, நாளைக்கு இரண்டு தடவை மாற்றுங்கள். தகரக் கூரைக்கு மேல் கீற்று போட்டால் உள்ளே சூடு குறையும். கூடு தரையிலிருந்து இரண்டு முழமாவது உயரத்தில் இருக்கட்டும். மழைக்கு நம் தெருவில் தண்ணீர் நிற்பது உங்களுக்கே தெரியும்.

அடை வைக்கும் இருபத்தொரு நாள்

பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் கோழி கூடையை விட்டு எழுந்திருக்காமல் சிலிர்த்துக்கொண்டு உட்காரும். அதுதான் அடைக்கோழி. எல்லாக் கோழியையும் ஒன்றாக அடை வைக்காதீர்கள். அடைக்கு மூன்று வாரம், குஞ்சு மேய்க்க இரண்டு மாதம், அதுவரை அந்தக் கோழி முட்டை தராது. ஒன்று மாற்றி ஒன்றாக வைத்தால் வீட்டுக்கு முட்டை நிற்காது.

அடைக்கு எடுக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு உட்பட்டதாக, நடுத்தர அளவாக, விரிசல் இல்லாததாக இருக்கட்டும். கழுவாதீர்கள். வெயில் காலத்தில் நாலு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். ஈர மணல் மேல் மண்சட்டி வைத்து அதற்குள் முட்டையை வைப்பது நம் பாட்டிமார் கண்ட வழி. நல்ல வழி. சித்திரை, வைகாசியில் கூமுட்டை அதிகமாகும். மார்கழி, தை, மாசி அடைக்குத் தோதான மாதங்கள்.

சாயங்காலத்தில், கோழியின் உடம்பு மூடும் அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வையுங்கள். வைத்த தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். கூடையில் இரும்புத்துண்டும் கரியும் போடுகிற வழக்கம் உண்டு. போட்டால் கெடுதல் இல்லை. போடாவிட்டாலும் கெடுதல் இல்லை. கூடையை இடியிலிருந்து காப்பதைவிடப் பூனையிடமிருந்து காப்பது முக்கியம்.

ஏழாம் நாள் ராத்திரி இருட்டில் முட்டையை டார்ச் விளக்கின் மேல் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு ஓடினால் உள்ளே உயிர் இருக்கிறது. வெறுமனே தெளிவாகத் தெரிந்தால் அது கூமுட்டை, எடுத்துவிடுங்கள். இதைப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒரு வருஷம் புத்தகத்தில் படிப்பதை ஒரு நிமிஷத்தில் பார்த்துக்கொள்வார்கள்.

இருபதாம் நாள் முட்டையைக் காதருகே வைத்தால் உள்ளே கீச்சுச் சத்தம் கேட்கும். இருபத்தொன்றாம் நாள் ஓட்டில் சின்ன விரிசல் விழும். அதன்பின் குஞ்சு வெளியே வர அரை நாளோ ஒரு நாளோகூட ஆகலாம். ஆசையில் ஓட்டை உரித்து உதவி செய்யாதீர்கள். ரத்தக்குழாய் அறுந்து குஞ்சு செத்துவிடும். பொறுமையாக இருங்கள், அது தானே வரும்.

குஞ்சு வந்த பிறகு

மஞ்சள் கரு வயிற்றுக்குள் சேர்ந்துதான் குஞ்சு பிறக்கிறது. அதனால் இரண்டு நாள் தீனி இல்லாமலும் தாங்கும். முதலில் சுத்தமான தண்ணீர், பிறகு நொய்யும் பொடித்த கம்பும் கொடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், குஞ்சு முங்கிச் சாகாது.

தாய்க்கோழி இருந்தால் சூட்டுக்குக் கவலையில்லை. தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் மூன்று, நாலு வாரம் சூடு தர வேண்டும். இப்போது வீட்டில் எரியும் எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், போதிய சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது என்று பொருள். விலகி ஓரமாக ஓடினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தால் சரியான சூடு. பகலில் பஞ்சாரத்தைப் போட்டு மூடிவையுங்கள். காக்காயும் பருந்தும் காத்துக்கொண்டே இருக்கும்.

கோழி வெளியே, குழந்தை உள்ளே

திருட்டுப் பயம், நாய்ப் பயம் என்று ராத்திரியில் கோழியைப் படுக்கும் அறையிலேயே கவிழ்த்து வைக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு. காலையில் அதே தரையில் குழந்தை தவழும். தரையில் கிடப்பதை வாயில் போடும். கோழி எச்சத்தில் உள்ள கிருமி குழந்தையின் குடலுக்குப் போய்ப் பேதியை உண்டாக்கும். பேதி இல்லாவிட்டாலும் குடல் புண்ணாகி, தின்றது உடம்பில் ஒட்டாமல் போகும்.

எத்தியோப்பியா நாட்டுக் கிராமங்களில் இதை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். கோழி வளர்க்கும் வீட்டுக் குழந்தைகள் நல்ல உயரமாக வளர்ந்தார்கள். ஆனால் ராத்திரியில் கோழியை வீட்டுக்குள் வைத்த குடும்பங்களில் அந்த நன்மை தெரியவில்லை. முட்டை கொடுத்ததை எச்சம் பறித்துவிட்டது.

ஆகவே கணவருக்கு ஒரு வேலை. வீட்டுச் சுவருக்கு வெளியே பூட்டுப் போடும்படி ஒரு கூடு செய்து கொடுங்கள். நாலு பலகை, ஒரு வலைக்கம்பி, ஒரு பூட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வேலை. குழந்தை தவழும் இடத்துக்கும் கோழி நடக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கட்டும். எச்சத்தைத் தினம் அள்ளிக் குழியில் போட்டு மக்க வையுங்கள். செடிக்கு நல்ல எரு.

கோழியை, குஞ்சை, முட்டையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகள் குஞ்சுக்கு முத்தம் கொடுக்க விடாதீர்கள். ஆசைதான், ஆனால் குஞ்சின் மேல் பேதிக் கிருமி இருக்கும்.

நோய் வருமுன்

கோழி வளர்ப்பவரைக் கண்ணீர் விட வைப்பது வெள்ளைக்கழிச்சல். இமயமலைப் பக்கத்து ராணிகேத் ஊரின் பெயரால் இதை ராணிகேத் நோய் என்றும் சொல்வார்கள். காலையில் தலை தொங்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், ஒரு வாரத்தில் தெருவையே காலி செய்துவிடும். வந்தபின் மருந்து இல்லை. வருமுன் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரத்தில் மறுபடியும், எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். இதற்கென்று கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாம் உங்கள் ஊருக்கு வரும்போது விடாதீர்கள். உங்கள் வீட்டுக் கோழிக்கு மட்டும் போட்டால் போதாது. தெருவோடு சேர்ந்து போடுங்கள்.

பல கோழி திடீரென்று செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். "செத்தது வீணாப் போவுதே" என்று கறி வைக்காதீர்கள். மலிவாக விற்காதீர்கள். பக்கிங்காம் கால்வாயில் எறியாதீர்கள். அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லுங்கள். அவர் சொல்கிறபடி சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். கோழியைத் தொட்டவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கோழி செத்த விஷயத்தையும் சொல்லுங்கள்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேவல் இல்லாமல் கோழி முட்டையிடுமா?
இடும். சத்தும் குறையாது. ஆனால் அந்த முட்டை குஞ்சு பொரிக்காது. குஞ்சு வேண்டுமானால் எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும்.

கர்ப்பிணிக்கு முட்டை சூடு, குழந்தைக்கு மாந்தம் என்கிறார்களே?
அப்படி எதுவும் இல்லை. நன்றாக வெந்த முட்டை இருவருக்கும் நல்லது. மாமியார் தடுத்தால் கிராம சுகாதார செவிலியரை வீட்டுக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோம். சரிதானா?
முட்டை கொடுக்கிற எண்ணம் நல்லது, பச்சையாகக் கொடுப்பது தவறு. பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம். சத்தும் முழுசாக உடம்பில் சேராது. பத்து நிமிஷம் வேகவைத்துக் கொடுங்கள்.

நாட்டு முட்டையில்தான் சத்து, வெள்ளை முட்டையில் இல்லையா?
ஓட்டின் நிறத்தில் சத்து இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கீரை தின்ற கோழியின் மஞ்சள் கரு நல்ல நிறமாக இருக்கும், அவ்வளவே.

நினைவில் வையுங்கள்

முட்டையில் முதல் பங்கு கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கைக்குழந்தைக்கும்.
சுத்தமான மண்ணில் மேய்ந்த கோழியின் முட்டையே சுத்தமான முட்டை.
ராத்திரியில் கோழி கூட்டில், குழந்தை வீட்டில்.
தொட்டால் கை கழுவு, தின்றால் வேகவைத்துத் தின்.
தடுப்பு மருந்து குஞ்சின் முதல் வாரத்திலேயே.

உங்கள் வீட்டு விடைக்கோழியின் கொண்டை சிவக்கத் தொடங்கிவிட்டதா? இன்றைக்கே கூடையைத் தயார் செய்யுங்கள். வேலிக்குள் சுத்தமான மண் கொட்டுங்கள். முதல் முட்டை யாருக்கு என்பதைக் கணவனும் மனைவியும் இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள்.